என் மனுவும் மொட்டையான பூக்காடும்

மனு என்பது எழுதியவரின் மனநிம்மதிக்காக ஏற்பட்டது. அதன்மேல் நடவடிக்கையும் எதிர்பார்ப்பது பேராசை. ஓய்வு பெறும்வரை மனுக்களை வாங்கி அடுக்கியவன் என்ற தகுதியில் சொல்கிறேன். என் அனுபவத்தில் ஒரே ஒரு மனுவுக்கு மூன்றே நாளில் தீர்வு கிடைத்தது. அதை எழுதியவன் நான்.

மகளுக்கு வடுகபட்டியிலிருந்து ஒரு வரன் வந்திருந்தது. பையனுக்கும் பெண்ணுக்கும் பிடித்துவிட்டது. பாக்கி, பையனின் அம்மா சம்மதம். அவர் ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியை.

"வீட்டுல கேசரி, பஜ்ஜியெல்லாம் வேணாம் சார்," என்றார் போனில். "வைகை அணைக்குப் போற வழியில பழைய எஸ்டேட்டைப் பூங்கா ஆக்கியிருக்காகள்ல, அங்கன பின்பக்கம் ஒரு பூக்காடு இருக்கு. ஞாயித்துக்கிழமை அதைப் பாத்துக்கிட்டே பேசுவோம்."

முன் ஆய்வு இல்லாமல் நான் எங்கும் போவதில்லை. (என் கல்யாண மண்டபத்தையே இரண்டு முறை ஆய்வு செய்தவன்.) புதன்கிழமையே போய்ப் பார்த்தேன். முன்பக்கம் குரோட்டன்ஸ் ஒழுங்காக வரிசையில் நின்றது. பின்பக்கம் இடுப்புயரத்துக்குக் களை: தும்பை, ஆவாரை, பெயர் தெரியாத நீலமும் மஞ்சளும். பூக்காட்டை எங்கு தேடியும் காணோம். (அதற்குள்தான் நின்றிருக்கிறேன்.) சம்பந்தியம்மாவைப் பாம்பு கடித்தால் கல்யாணம் தள்ளிப்போகுமே? 'பொருள்: புதர் அகற்றுதல் தொடர்பாக' என்று அங்கேயே எழுதி, பூங்கா அலுவலகத்தில் கொடுத்து, ஒப்புகைச் சீட்டும் வாங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை அந்த இடம் முடியிறக்கிய தலைபோல் கிடந்தது. சந்தனம் பூசாததுதான் குறை.

சம்பந்தியம்மா பூதக்கண்ணாடியைக் கையில் பிடித்தபடி நின்றார். "எத்தனை வகை இருந்துச்சு! எந்தப் பாவி பண்ண வேலை இது?"

"அநியாயம்," என்றேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். "உடனே ஒரு மனுக் கொடுக்கணும்."

செத்தையைக் கூட்டிக்கொண்டிருந்த அம்மாள் நிமிர்ந்தார். "ஆத்தே, இன்னொண்ணா? அய்யா, நீங்க குடுத்த மொத மனுவுக்கே எங்களுக்கு இடுப்பு ஒடிஞ்சுபோச்சு!"

மனைவி வானத்தைப் பார்த்தாள். மகள் என்னைப் பார்க்கவே இல்லை.

சம்பந்தியம்மா மெல்லக் கேட்டார். "ஒப்புகைச் சீட்டு வாங்கியிருப்பீகளே?"

"வாங்காம எப்படி?" என்று சட்டைப்பையிலிருந்து எடுத்து நீட்டினேன். ஏன் நீட்டினேன் என்று இன்றுவரை எனக்கே விளங்கவில்லை. அதைப் பூதக்கண்ணாடி வைத்தே படித்தார். பிறகு மகள் பக்கம் திரும்பினார்.

"ஒங்கப்பா எப்பவும் இப்படித்தானா?"

"பொறந்ததுலருந்தே பாக்குறேன் அத்தை," என்றாள்.

சம்பந்தியம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அத்தைன்னு வேற சொல்லிட்டியா? சரி, வந்துரு. பூவைத்தான் காப்பாத்த முடியல, ஒன்னையாவது காப்பாத்துறேன்."

அடுத்த மழைக்குப் பூக்காடு மறுபடி முளைத்துவிட்டது. என் மானம்தான் முளைக்கவில்லை. இன்றும் வடுகபட்டிக்குப் போனால், சம்பந்தியம்மா வாசலிலேயே கை நீட்டுவார். பேனாவை எடுத்துக் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். புறப்படும்போது திருப்பித் தந்துவிடுவார்.

(முதல் தடவை அதற்கு ஒப்புகைச் சீட்டு கேட்டேன். அதையும் சேர்த்துத்தான் பேரப்பிள்ளைகளிடம் சொல்லிச் சிரிக்கிறார்கள்.)