அஞ்சலையின் மஞ்சள் மாத்திரை

ஒரு காட்டில், கொஞ்ச காலமாகவே, யாருக்கும் தூக்கமில்லை. கொசு பெருகிவிட்டதாலோ வெக்கை கூடிவிட்டதாலோ அல்ல. அந்தக் காட்டுக்குப் பாதுகாப்புத் துறை என்று ஒன்று வந்திருந்தது, அதனால்தான்.

துறையின் இயக்குநர் ஒரு சிறுத்தை. பெயர் சாந்தமூர்த்தி. ஆபத்து எந்தப் பக்கமிருந்து வரும் என்பது அவருக்குத்தான் முன்கூட்டியே தெரியும், ஆகவே அவரைவிடப் பொருத்தமானவர் இல்லை என்று சொல்லி நியமனக் குழு அவரை ஒருமனதாகத் தேர்ந்தெடுத்தது. குழுவில் ஒரு முயலும் இருந்தது. தேர்ந்தெடுத்த அன்று இருந்தது.

அந்தத் துறையின் எச்சரிக்கைப் பிரிவில் அஞ்சலை என்ற புள்ளிமான் வேலை பார்த்தாள். காகிதம் கிடைத்தால் மென்று விழுங்கிவிடுகிற மந்தையில், பட்டச் சான்றிதழைத் தின்னாமல் பத்திரமாக வைத்திருந்த முதல் மான் அவள்தான். அவளுக்கு வேலை கிடைத்ததும் அவளுடைய அப்பா கொம்பைத் தூக்கிக்கொண்டு மூன்று புல்வெளி சுற்றி வந்து எல்லாரிடமும் சொன்னார். அதனால் வேலையை விடுவது என்ற பேச்சுக்கே இடமில்லை. பெயரில் மட்டும்தான் அவள் அஞ்சலை. மற்றபடி, சருகு சலசலத்தால் அஞ்சுவாள். சலசலக்காவிட்டால், ஏன் சலசலக்கவில்லை என்று அஞ்சுவாள். எச்சரிக்கைப் பிரிவுக்கு இது நல்ல தகுதி என்று நேர்முகத் தேர்விலேயே பாராட்டியிருந்தார்கள்.

வேலை எளிதுதான். மரத்தின் மேலே மங்களம் என்கிற மந்தி உட்கார்ந்து தூரத்தைப் பார்ப்பாள். கீழே அஞ்சலை நின்று காற்றை மோப்பம் பிடிப்பாள். ஆபத்து தெரிந்தால் இருவரும் குரல் கொடுக்க வேண்டும். சிறுத்தை வந்தால் கத்த வேண்டும் என்று பணிவிதியில் இருந்தது. இயக்குநர் வந்தால் எழுந்து நிற்க வேண்டும் என்றும் இருந்தது. இரண்டும் ஒரே ஆளாக வந்தால் என்ன செய்வது என்று விதியில் இல்லை. அஞ்சலை இதை எழுத்துமூலம் கேட்டாள். விஷயம் பரிசீலனையில் இருப்பதாக இயக்குநரே பதில் அனுப்பினார். அதுவரைக்கும் எல்லாரும் எழுந்து நின்றார்கள்.

சிக்கல் எங்கே வந்ததென்றால், சிறுத்தைக்கு இருட்டிய பிறகுதான் மூளை ஓடும். ஊழியர்கள் எல்லாரும் இருந்த கைபேசிக் குழுவில் அவர் இரவெல்லாம் செய்தி போடுவார். புல்வெளி நிலவரம் என்ன? ஓடைப் பக்கம் யார்? யார் யார் விழித்திருக்கிறீர்கள்? பதில் வராவிட்டால், செய்தியைப் பார்த்துவிட்டதைக் காட்டும் நீல டிக் யார் யாருக்கு விழுந்திருக்கிறது என்று எண்ணுவார். விடிந்ததும் வருகைப் பதிவு. ஊழியர்களை வரிசையாக நிறுத்தி, முகத்தை முகத்தை உற்றுப் பார்ப்பார். யார் மந்தமாக இருக்கிறாரோ அவருக்கு உள்காட்டுப் பணிக்கு மாற்றல். மிளா மான் சடையப்பன் அப்படித்தான் ஒரு கொட்டாவிக்காக மாற்றலானார். இருபது வருஷ சேவை. அவருக்கு அனுப்பிய பிரிவு வாழ்த்துகள் இன்னும் ஒற்றை டிக்கோடு நிற்கின்றன.

ஆக, இரவில் தூங்கவும் வழியில்லை. காலையில் தூங்கி வழியவும் உரிமையில்லை. மந்தையில் பிறந்து மந்தியோடு வேலை பார்க்கிற மானுக்கு மந்தம் மட்டும் ஆகவே ஆகாது என்ற நிலை.

அஞ்சலை டாக்டரிடம் போனாள். அந்தக் காட்டில் தூக்க வைத்தியத்துக்குப் பேர்போனவர் ஒரு தேவாங்கு. டாக்டர் இமையவரம்பன். இரண்டு கண்ணும் முகத்தைவிடப் பெரியவை. அவர் தூங்கி யாரும் பார்த்ததில்லை. இருந்தாலும் பொழுது சாயும்போதே அவருடைய இலுப்பை மரத்தடியில் வரிசை ஓடை வரைக்கும் நீண்டுவிடும். வரிசையில் நின்றவர்களில் பாதிப்பேர் எச்சரிக்கைப் பிரிவு, மீதிப்பேர் மற்றப் பிரிவுகள்.

டாக்டர் அவளை இமைக்காமல் பார்த்தார். அவர் எல்லாரையும் அப்படித்தான் பார்ப்பார்.

“மனசுல ஏதாவது பயம் இருக்காம்மா?”

“மனசுல இல்ல டாக்டர். ஆபீசுல இருக்காரு.”

கைபேசியைத் தள்ளி வைத்துவிட்டுப் படுக்கும்படி டாக்டர் சொன்னார். ஒருநாள் அப்படிச் செய்ததற்கு விளக்கம் கேட்டு ஓலை வந்ததை அவள் சொன்னாள். படுக்குமுன் இதமாக எதையாவது நினைத்துக்கொள்ளச் சொன்னார். அவள் முயன்று பார்த்திருந்தாள்; எதை நினைத்தாலும் அதன் பின்னால் ஒரு வால் தெரிந்தது. கடைசியில் அவள் தன் தேவையைச் சுருக்கமாகவே சொல்லிவிட்டாள்.

“ராத்திரி தூக்கம் வரணும் டாக்டர். ஆனா காலைல மந்தமா இருக்கக் கூடாது. மந்தமா இருந்தேன்னா அப்புறம் நான் இருக்க மாட்டேன்.”

டாக்டர் சீட்டில், நோயாளி மிகைப்படுத்திப் பேசுகிறார் என்று குறித்துக்கொண்டு, ஒரு பெரிய மஞ்சள் மாத்திரையை எழுதினார். மந்தம் வராதாம். வந்தாலும் போய்விடுமாம்.

மாத்திரையோடு மடித்து வைத்திருந்த துண்டுத்தாளை அஞ்சலை முழுவதும் படித்தாள். இதைக் காட்டில் வேறு யாரும் செய்வதில்லை. பக்கவிளைவுகள் என்ற தலைப்பின் கீழ், தூக்கம் வரலாம் என்று இருந்தது. அடுத்த வரியிலேயே, தூக்கம் வராமலும் போகலாம் என்று இருந்தது. எச்சரிக்கை என்று தனியாக ஒரு பத்தி. அவளுடைய பிரிவின் ஆண்டறிக்கையைவிட அது நீளம், அதைவிட நேர்மையும்கூட.

மஞ்சள் மாத்திரை சொன்னபடி வேலை செய்தது. சொல்லாதபடியும் செய்தது. அஞ்சலை இரவு முழுக்கத் தூங்கினாள். மறுநாள் காலையிலும் தூங்கினாள், நின்றுகொண்டே. வருகைப் பதிவு வரிசையில் கால்கள் நான்கும் நான்கு பக்கம் நழுவின. நல்லவேளையாக மங்களம் மேலே நெல்லிமரத்தில் இருந்தாள். அஞ்சலையின் தலை சாயச் சாய ஒவ்வொரு நெல்லிக்காயாகக் குறிபார்த்துப் போட்டாள். இயக்குநர் கடந்து போனதும் இறங்கி வந்து, “ஒரு மரம் காலியாச்சுடி உன்னால. நாளைக்கும் இப்படின்னா பலா மரத்துல ஏறிக்கிறேன், சம்மதமா?” என்றாள்.

அஞ்சலை மறுபடியும் வரிசையில் நின்றாள். டாக்டர் இம்முறை ஒரு சின்ன வெள்ளை மாத்திரை கொடுத்தார். புதுசு, மந்தமே கிடையாது. ஆனால் ஒருசிலர் தூக்கத்தில் எழுந்து ஏதாவது செய்யக்கூடும் என்றார். அஞ்சலை அதைத் தாளிலும் சரிபார்த்துக்கொண்டாள். நடக்காமல் இருக்க ஒரு காலைக் கொடியில் கட்டிக்கொண்டு படுத்தாள். கைபேசி கழுத்தில்தான் தொங்கியது. அதைப் பற்றித் தாளில் ஒன்றும் இல்லை.

விடிந்தபோது மனம் பளிங்குபோல் இருந்தது. கால் கட்டியபடியே இருந்தது. வெகுநாளைக்குப் பிறகு புல் இனித்தது. வருகைப் பதிவுக்குப் போனால், இயக்குநர் அவளைப் பார்த்துச் சிரித்தார். அவர் சிரிப்பது நல்லதல்ல என்பதால் அவள் ஓரமாகப் போய்க் கைபேசியைத் திறந்தாள். இரவு முழுக்க அவள் தூக்கத்திலேயே குழுவில் பதில் போட்டிருந்தாள். சரி ஐயா. ஆகட்டும் ஐயா. அருமை ஐயா. விழித்திருந்து போட்டதற்கும் இதற்கும் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. முன்னைவிட விரைவு என்று இயக்குநர் ஒரு பூச்செண்டுப் படம்கூடப் போட்டிருந்தார். கடைசிச் செய்தி மட்டும் வேறு மாதிரி. உள்காட்டு ஆய்வுக்கு என்னோடு தனியாக வர யாருக்கு விருப்பம் என்று அவர் கேட்டிருந்தார். காட்டில் அத்தனைபேரும் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்த அந்தக் கேள்விக்குக் கீழே, ‘நான் வருகிறேன் ஐயா, நன்றி’ என்று அஞ்சலையின் பதில் இருந்தது.

மங்களம் அதைப் படித்துவிட்டு முதல்முறையாக ஒன்றும் கிண்டல் செய்யவில்லை. உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடும்படி கெஞ்சினாள். அஞ்சலைக்கு உடம்பு நன்றாக இருந்தது. அதுதான் கஷ்டம், இல்லாததைச் சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை. ஆகவே உள்ளதைச் சொல்லிவிடுவது என்று இரண்டு மாத்திரை அட்டைகளையும் துண்டுத்தாள்களையும் எடுத்துக்கொண்டு இயக்குநரின் பாறைக்குப் போனாள்.

சாந்தமூர்த்தி நகத்தைச் சீவிக்கொண்டிருந்தார். அந்தப் பதில் தூக்கத்தில் போட்டது, ஆகவே செல்லாது என்று அவள் சொன்னாள். ஆதாரமாகப் பக்கவிளைவுகளை வரிவிடாமல் வாசித்துக் காட்டினாள். வாசித்து முடித்து நிமிர்ந்தால், சிறுத்தையின் கண்ணில் பசி இல்லை. வேறு ஏதோ இருந்தது. அந்தக் கண்ணின் கீழே தொங்கிய பையை அன்றுதான் அவள் அவ்வளவு கிட்டத்தில் பார்த்தாள்.

“தூங்கினியா?” என்றார் அவர். “நிஜமாவே?”

பிறகு மெல்ல மெல்ல வெளியே வந்தது. பதவிக்கு வந்த நாளிலிருந்து அவர் தூங்கவில்லை. பகலெல்லாம் கூட்டம், ராத்திரி கண்ணை மூடினால் இன்னொரு சிறுத்தை தன் பாறையில் உட்கார்ந்திருப்பதுபோல் தோன்றும். எழுந்து இரண்டு உத்தரவு போட்டால்தான் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும். வைத்தியம் பார்க்கலாமென்றால், ஓர் இயக்குநர் போய் எலிக்கும் அணிலுக்கும் பின்னால் வரிசையில் நிற்பதா?

“இதுல எதும்மா பெருசு?” என்று அட்டைகளைக் காட்டிக் கேட்டார்.

மஞ்சள்தான் பெரியது என்று அஞ்சலை சொன்னாள். தன் பெயருக்கு எழுதிய மருந்தைப் பிறருக்குத் தரக்கூடாது என்று தாளில் இருப்பதையும் சொன்னாள். விதியைத் தளர்த்தும் அதிகாரம் தனக்கு உண்டு என்று அவர் அந்த இடத்திலேயே தளர்த்தினார். அவள் விடவில்லை. ஒன்றை மறைத்துக் கொடுத்தால் அது பாவம் என்று நினைத்தாள்.

“மறுநாள் ரொம்ப மந்தமா இருக்கும் ஐயா. தலை நிக்காது. பாய முடி... நடக்க முடியாது. எந்த வேலையும் ஓடாது.”

“மறுநாள் எனக்கு என்னம்மா வேலை இருக்கு?” என்றார் சாந்தமூர்த்தி.

அஞ்சலை நேர்மையாக யோசித்துப் பார்த்தாள். வருகைப் பதிவு, மாற்றல், உள்காட்டு ஆய்வு. அவருடைய வேலை என்று அவள் கண்ணால் பார்த்தது இவ்வளவுதான்.

“ஒண்ணும் இல்லைங்க ஐயா” என்றாள்.

அன்றைக்கு இரவு குழுவில் ஒரு செய்தியும் வரவில்லை. காட்டுக்கு முதலில் அது பயமாக இருந்தது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக, ஒவ்வொரு புதரிலிருந்தும் குறட்டை கேட்க ஆரம்பித்தது. காலையில் சிறுத்தை பாறையிலேயே வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. வருகைப் பதிவு நடந்தது என்று வைத்துக்கொள்ளலாம், இயக்குநர் ஒருமுறை அரைக்கண் திறந்து “இருக்கீங்கள்ல?” என்று கேட்டார், எல்லாரும் இருந்தார்கள். அதற்கடுத்த நாளும் எல்லாரும் இருந்தார்கள். தலைமையகத்திலிருந்து பாராட்டு வந்தது. இத்தனை பத்திரமாக இந்தக் காடு எந்த இயக்குநரின் காலத்திலும் இருந்ததில்லையாம். அஞ்சலை மாத்திரையே போடாமல் மான்போலத் தூங்கினாள். அதாவது ஒரு காதை மட்டும் திறந்துவைத்துக்கொண்டு.

ஆனால் அட்டை காலியாகிக்கொண்டு வந்தது. டாக்டர் பார்க்காமல் மறுபடி மருந்து கிடைக்காது. இயக்குநர் வரிசையில் நிற்க மாட்டார். சீட்டு அஞ்சலையின் பெயரில் இருந்தது. டாக்டர் அவளிடம் தூக்கம் வருகிறதா என்றுதான் முதலில் கேட்பார். வருகிறது என்றால் மாத்திரையை நிறுத்திவிடுவார். நிறுத்தினால் சிறுத்தை எழுந்துவிடும், நல்ல பசியோடு. வரவில்லை என்று சொன்னால் அது பொய்.

“ஒரே ஒரு பொய்டி” என்றாள் மங்களம். “நாங்கெல்லாம் பல்லு விளக்குறதுக்கு முன்னாடியே நாலு சொல்லிடுறோம். நீ ஒண்ணு சொன்னா மந்தை பொழைக்கும்.”

அஞ்சலை முயற்சி செய்து பார்த்தாள். மரத்தின் முன் நின்று, தூக்கமே வரல டாக்டர் என்று சொல்லிப் பழகினாள். மரத்திடம் சொல்லும்போதே நாக்கு ஒட்டிக்கொண்டது. டாக்டரிடம் போக வேண்டிய நாளுக்கு முந்தைய இரவு அவள் புரண்டு புரண்டு படுத்தாள். அப்பாவை நினைத்தாள், சடையப்பனை நினைத்தாள், சான்றிதழை நினைத்தாள். பொட்டுத் தூக்கமில்லை.

மறுநாள் இலுப்பை மரத்தடியில் வரிசையே இல்லை. வருவார் யாருமின்றி டாக்டர் தன்னுடைய விளம்பரப் பலகையைத் தானே வாசித்துக்கொண்டிருந்தார்.

“தூக்கம் எப்படிம்மா இருக்கு?”

அஞ்சலை வாயைத் திறந்தாள். பொய்யைத் தேடினாள். அது தேவைப்படவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

“நேத்து ராத்திரி ஒரு பொட்டுக்கூடத் தூங்கல டாக்டர்” என்றாள். வாழ்க்கையில் இவ்வளவு நிம்மதியாக அவள் உண்மை பேசியதில்லை.

“மஞ்சள், வெள்ளை ரெண்டுல எந்த மாத்திரை தொடர்ந்து போகுது?”

“மஞ்சள்தான், ஒரு நாள் விடாம போகுது டாக்டர். அட்டை காலி.”

“காலைல மந்தம்?”

“எனக்கு இல்ல டாக்டர். கொஞ்சங்கூட இல்ல.”

டாக்டர் இமையவரம்பன் அன்றைக்குத்தான் முதன்முதலாக இமைத்தார். இத்தனை வருஷத்தில் மந்தமே இல்லை என்று சொன்ன முதல் நோயாளி. அதுவும் துண்டுத்தாளை முழுவதும் படிக்கிற நோயாளி. பெரிய அட்டையாகவே எழுதிக் கொடுத்தார். மறந்துவிடாமல் ஒவ்வொரு முறையும் நேரில் வந்து காட்டச் சொன்னார்.

அதனால் ஒன்றும் சிரமமில்லை. டாக்டரைப் பார்க்கப் போவதற்கு முந்தைய இரவு மட்டும் அஞ்சலை தவறாமல் கவலைப்பட்டுக்கொள்கிறாள். அதில் அவளுக்கு நல்ல பயிற்சி உண்டு. மற்ற இரவுகளில் காடே தூங்குகிறது.

நீதி: மறுநாள் மந்தம் தராத தூக்க மாத்திரை உலகத்தில் ஒன்றே ஒன்றுதான், அதை நம்முடைய மேலதிகாரி சாப்பிட வேண்டும்.