உம் கொட்டினால் போச்சு

சட்டம் பேசுகிறவர் என்று ஓர் இனம் உண்டு. கல்யாணப் பந்தியில், ரயில் வரிசையில், அடுக்குமாடிக் குடியிருப்போர் கூட்டத்தில் எல்லாம் நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஆனால் இந்த இனம் நன்றாகத் தின்று கொழுத்து மினுமினுவென்று உட்கார்ந்திருப்பதைப் பார்க்க ஆசையிருந்தால், சனிக்கிழமை மத்தியானம் டன்லப் தெருவில் ஒரு பழைய கடைவீட்டின் மாடிப்படி ஏறவேண்டும். கீழே சாம்பிராணிப் புகை; மேலே ஏர்கோன் குளிரில் ஆஸ்மா நடத்தும் அட்டை விளையாட்டுக் கடை. வேலைக்குப் போகிற, வரி கட்டுகிற, பிள்ளை குட்டி பெற்ற மனிதர்கள் டிராகன் படமும் மந்திரவாதி படமும் போட்ட அட்டைகளைப் பிளாஸ்டிக் உறையில் பத்திரமாகச் செருகிக் கொண்டுவந்து, எதிரெதிரே உட்கார்ந்து சண்டைக்கு விடுவார்கள். ஜன்னலோர மேசையில் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, யார் எங்கே வாய் தவறுவார் என்று காத்திருக்கிறாரே, குவீன்ஸ்டவுன்காரர், அவர்தான் நம்முடைய ரமணன்.

ஆட்டத்தின் விதிகள் தலையைச் சுற்றும். பயப்படாதீர்கள், நமக்கு வேண்டியது ஒன்றுதான். ஒருவர் ஓர் அட்டையைப் போட்டால், அது பலிப்பதற்கு முன்னால் எதிராளி தன் கையிலிருந்து ஒன்றைப் போட்டு மறிக்கலாம். மறிக்கவில்லை, சரி, என்று சொல்லிவிட்டாரா? போச்சு. அட்டை பலித்துவிடும், அப்புறம் தலைகீழாக நின்றாலும் திரும்பாது.

அந்தச் 'சரி'யில்தான் ரமணனின் பிழைப்பே ஓடியது. நன்றாக ஆடுகிறவரா என்று கேட்டால், ஐயோ பாவம், இல்லை. ஆனால் ஓர் அட்டையின் பலனோடு இன்னோர் அட்டையின் பலன் முட்டிக்கொள்கிற இடமாகப் பார்த்துத் தேடிப்பிடிப்பார். பிடித்துவிட்டு, விளக்குவார். இந்த டிராகன் செத்தால்தான் அந்தப் பேய் எழும்பும், ஆனால் சாவு கடைசியாக நடந்த சம்பவமாக இருக்கவேண்டும், நடுவில் வேறொன்று நடந்துவிட்டால் பேய்க்கு நேரம் தப்பிவிடும், அந்த வேறொன்று முந்தியா பிந்தியா என்பது யார் முறை என்பதைப் பொறுத்தது, என்று குரலை ஏற்றாமல் இறக்காமல் சொல்லிக்கொண்டே போவார். ஒருவர் இப்படி மெனக்கெட்டு விளக்கும்போது எதிரே இருக்கிற தமிழன் என்ன செய்வான்? உம் கொட்டுவான். பெற்றவர்கள் ஒழுங்காக வளர்த்திருந்தால் தலையையும் ஆட்டுவான்.

உடனே ரமணனின் ஆள்காட்டி விரல் எழும்பும். “உம்முன்னுட்டீங்க. டெக்னிக்கலி, உங்க சான்ஸ் முடிஞ்சுது.”

எதிராளி பதறுவார். ரமணன் பதறமாட்டார், விதிப்படிதானே, என்று கல்லாவைப் பார்த்துக் கேட்பார். விதிப்படி அது சரியாகவும் இருந்து தொலைக்கும் என்பதால் ஆஸ்மா முகத்தைத் திருப்பிக்கொள்வாள். தோ பாயோவிலிருந்து வந்த வாத்தியார் ஒருவர் குளிருக்குத் தும்மியதைச் 'சரி' என்று பிடித்து ஜெயித்த ஆசாமி இவர். வெட்கம்? அதைப்பற்றி விதியில் ஒன்றும் இல்லையே. இப்படியே கடையின் சாம்பியன் பலகையில் வருஷா வருஷம் தன் பெயரை ஏற்றிக்கொண்டார்.

ஜனங்கள் முதலில் உதட்டைக் கடித்துக்கொண்டு ஆடிப்பார்த்தார்கள். ஒருவர் வாயில் தண்ணீரை வைத்துக்கொண்டே ஆடினார். பிறகு ஒவ்வொருவராக வேறு மேசைக்குக் கழன்றார்கள். மிஞ்சியது உமைர் ஒருவன்தான். கிளமெண்டிப் பக்கம் ஏதோ ஆய்வுக்கூடத்தில் வேலை, சாது, ஆனால் உட்கார்ந்தால் அசல் ஆட்டக்காரன். அடுத்த மாதம் நகரத்துக் கடைகளுக்கெல்லாம் சேர்த்து ஜோடிப் போட்டி. ரமணனுக்கு உயிரே அதில்தான் இருந்தது. உமைர் ஆடுவான், தான் சட்டம் பேசலாம், கோப்பை வீட்டுக்கு வரும் என்று கணக்குப் போட்டு, முதுகில் இரண்டு பேர் பெயரும் அச்சடித்த சட்டைகூட ஆளுக்கொன்று வாங்கிவிட்டார். உமைரைக் கேட்டாரா என்றால், கேட்கவில்லை. அவன் மறுக்கவில்லை, ஆகவே சம்மதம்.

அந்தச் சனிக்கிழமை உமைர் கீழேயிருந்து தனக்கு ஒரு தே-ஓ, அதாவது பால் விடாத தேநீர், வாங்கிக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தான். குடிக்கவில்லை. ரமணன் இரண்டு அட்டைகளை மாற்றி மாற்றி வைத்து, எது எதை முந்தும் என்ற ஆராய்ச்சியில் இருந்தார்.

“அண்ணே, ஒண்ணு சொல்லணும்.”

“உம்.”

“ஜோடிப் போட்டிக்கு அடுத்த டேபிள் ஜெய் கூப்பிட்டான். இந்த வருஷம் அவனோட போறேன். நீங்க தப்பா எடுத்துக்கக் கூடாது.”

“உம்... சரி சரி,” என்றார் ரமணன், அட்டையைக் கீழே வைத்தபடி.

வைத்த பிறகுதான் காதில் விழுந்தது புத்தியில் விழுந்தது. என்ன சொன்னாய் என்று கேட்டார். உமைர் மறுபடி சொன்னான். அதெப்படி முடியும் என்றார்.

“நீங்க சரின்னுட்டீங்களே அண்ணே.” அவன் குத்திக்காட்டவில்லை, பாரம் இறங்கிய நிம்மதியில் சொன்னான். கல்லாவில் ஆஸ்மா வாயைப் பொத்திக்கொண்டாள்.

ரமணன் எழுந்து நின்றார். அவர் வாழ்நாளில் பேசிய ஆகச் சிறந்த சட்டம் அன்று பேசியதுதான். உம் என்பது சம்மதமே இல்லை, கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பதற்கு அடையாளம் என்றார். கதை கேட்கிற குழந்தை உம் கொட்டுகிறது, எதற்குச் சம்மதித்தது என்றார். பல் டாக்டரிடம் வாயைத் திறந்தபடி உம் என்கிறோமே, மொத்தப் பல்லையும் பிடுங்கலாமா என்றார். சரி சரி என்று இரட்டையாகச் சொன்னால், தொந்தரவு பண்ணாதே என்றுதான் தமிழில் பொருள் என்றார். குரல்கூட உடைந்தது. எல்லா மேசையிலும் ஆட்டம் நின்றுபோய், கடை முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது. ஒருவரும் உம் கொட்டவில்லை.

உமைர் நியாயஸ்தன். யோசித்துவிட்டுச் சொன்னான்: “ஒத்துக்கறேன் அண்ணே. உம் சம்மதம் இல்ல. ஜெய்கிட்ட வரலன்னு சொல்லிடறேன், உங்களோடயே வர்றேன். ஆனா அப்ப, நீங்க ஜெயிச்சதெல்லாம்?”

தோ பாயோ வாத்தியார் மெல்லத் திரும்பிச் சாம்பியன் பலகையைப் பார்த்தார். எல்லோரும் பார்த்தார்கள். ரமணனும் பார்த்தார். ஒரு பக்கம், எதிரே உட்காரச் சம்மதிக்கிற கடைசி மனிதன். இன்னொரு பக்கம், தும்மலிலும் தலையாட்டலிலும் பொறுக்கிச் சேர்த்த தன் பெயர். அவர் யோசித்து முடிப்பதற்குள் உமைரின் தேநீரில் ஆடை படிந்துவிட்டது.

“இல்ல,” என்றார் ரமணன். “சரின்னா சரிதான். நான் சொல்லிட்டேன். செல்லும்.”

உட்கார்ந்தார். உமைர் தேநீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, அட்டைகளைச் சேர்த்துக்கொண்டு, ஜெய்யின் மேசைக்குப் போனான். போகும்போது, வரேன் அண்ணே, என்று சொல்லிவிட்டுத்தான் போனான், நல்ல பிள்ளை. ரமணன் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு கல்லாவைப் பார்த்தார்.

“ஆஸ்மா, ரூலிங் கரெக்ட்தானே?”

“கரெக்ட்லா,” என்றாள் ஆஸ்மா.

அவர் முகத்தில் வெற்றிக்களை வந்ததே பார்க்கவேண்டும். தன்னைத் தானே தோற்கடித்தாலும் விதிப்படி தோற்கடித்தார் அல்லவா? எதிர் நாற்காலி காலியாக இருந்தது, அதன் முதுகில் யாரும் போடாத சட்டை ஒன்று தொங்கியது, இவர் அதற்கு எதிரே நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். என்ன ஜென்மமோ.

நல்லவேளை நாம் இப்படி இல்லை என்று சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் ஒன்று கேட்கவேண்டும். ஒரு மனிதன் தன் கடைசிச் சிநேகிதனைத் தொலைத்துக்கொண்டிருந்த அந்த நேரத்தில், பால் விடாத தேநீரில் ஆடை எப்படிப் படியும் என்று உங்களுக்கு உறுத்தியதா? மேலே போய்ச் சரிபார்த்தீர்களா? பார்த்தீர்கள் என்றால் தயங்காமல் வாருங்கள். டன்லப் தெரு, மாடி, ஜன்னலோர மேசை. சட்டை தயாராக இருக்கிறது. பெயரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.