பேனாவில் வைத்த மஞ்சள்

உலகத்தில் எந்தக் குழப்பத்தையும் ஒரு புள்ளி வைத்து அடக்கிவிடலாம் என்று நம்பிய ஒரே மனுஷி எங்கள் புள்ளியக்காதான். அவரை நேரில் பார்த்தவர்கள், நான் குறைத்துச் சொல்கிறேன் என்பார்கள்.

குமாரபாளையத்தில் நாங்கள் குடியிருக்கும் லைன் வீட்டில் கடைசி வீடு அவருடையது. ஓமலூர்ப் பக்கமிருந்து தனியாக வந்தவர். பஸ் ஸ்டாண்டு அருகே ஜெராக்ஸ் கடையில் வேலை. சொந்தப் பெயர் ரேஷன் கார்டுக்குத் தெரிந்திருக்கும். எங்களுக்குத் தெரியாது.

ஒரு டப்பா நிறையப் பேனா வைத்திருந்தார். ஒவ்வொன்றுக்கும் இரண்டு பக்கமும் மூடி. ஒரு மூடியைக் கழற்றினால் ஊசி மாதிரி முனை, எழுதலாம். மறுமூடியைக் கழற்றினால் மொண்ணையாக, உருண்டையாக ஒரு முனை. தாளில் ஒரு அழுத்து அழுத்தினால் ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியதுபோல வட்டமாகப் புள்ளி விழும். நான் ஏழாவதோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன். பேனாவுக்கு இரண்டு வாய் இருக்கும் என்பதே எனக்குப் புதிது. எந்த வாய் எப்போது ஒழுகுமோ என்று அவர் கைப்பையைப் பார்க்கும்போதெல்லாம் ஓரடி தள்ளி நின்றுகொள்வேன்.

அந்தப் புள்ளிகளுக்காகவே 'பிளானர்' என்று தடியாக ஒரு டைரி வைத்திருந்தார். குழாயில் தண்ணீர் வரும் நாளுக்கு நீலப் புள்ளி. கரண்டு போகும் நாளுக்குக் கறுப்பு. தனக்குக் கோபம் வந்த நாளுக்குக் காப்பிப்பொடி நிறம்.

"என்னக்கா, இந்த வாரம் பூராம் ஒரே காப்பிப்பொடியா இருக்குது?" என்று என் மனைவி சரசு ஒருநாள் கேட்டாள்.

"கடை ஓனரு டூர் முடிஞ்சு வந்துட்டாருடி."

தெருக் குழந்தைகளின் பிறந்தநாளுக்கு வாழ்த்து அட்டையும் அவரே செய்வார். கோடே இழுக்காமல், வெறும் புள்ளியாலேயே மயில், தேர், லாரி எல்லாம் வந்து நிற்கும். லாரிக்குப் பின்னால் போகும் புகைகூடப் புள்ளிதான்.

ஒரு தடவை அவித்த முட்டையும் பச்சை முட்டையும் கலந்துவிடாமல் இருக்க, அவித்ததற்கெல்லாம் ரோஸ் புள்ளி வைத்தார். எதிர்வீட்டுக்காரி பார்த்துவிட்டாள். பொழுது சாய்வதற்குள், 'நாமக்கல் பண்ணையில் கோழிக்கு அம்மை போட்டிருக்கிறது, முட்டையெல்லாம் கொப்புளத்தோடு விழுகிறது' என்று தெரு முழுக்கப் பரவி, மளிகைக் கடைக்காரர் முட்டை அட்டைமேல் வேப்பிலை செருகிவிட்டார். உண்மை தெரிந்த பிறகும் ஒரு வாரம் நான் முட்டை தொடவில்லை. எதற்கு வம்பு?

இப்படிப்பட்டவரிடம்தான் என் மகள் சுகன்யாவின் கல்யாணம் போய் மாட்டியது.

எருமப்பட்டி மாப்பிள்ளை. நல்ல இடம். பத்திரிகை அச்சாகி வந்த அன்று அடைமழை. நாலு மூலைக்கும் மஞ்சள் தடவாமல் பத்திரிகையை வெளியே எடுக்கக் கூடாதே! சரசு மஞ்சளைக் குழைத்துத் தடவித் தடவி அடுக்கினாள். ஈரத்தில் எதுவும் காயவில்லை. ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது. பிரித்தால் மணமகள் பெயரில் பாதி ஒரு பத்திரிகையிலும் மீதி அடுத்த பத்திரிகையிலுமாக வந்தது. முகூர்த்த சீசன், அச்சகத்தில் மறுபடி கேட்டால் கல்யாணத்துக்கு அப்புறம் தருகிறேன் என்றார்கள். மஞ்சள் படாமல் மீதியிருந்தது ஒரே கட்டு. அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

"தள்ளு தம்பி" என்று உட்கார்ந்தார் புள்ளியக்கா. மஞ்சள் பேனாவில் மூலைக்கு ஒன்று, சிவப்பில் நடுவே குங்குமம்போல ஒன்று. டக், டக், டக். தறி ஓடுகிற வேகம். சீரியல் முடிவதற்குள் கட்டு முடிந்தது. ஒரு தீற்றல் இல்லை, ஒரு ஒட்டல் இல்லை.

"அக்கா, சம்பந்தி ஊட்டுல ஏதாவது..."

"மஞ்சக்கலரு மஞ்சக்கலருதான். போய்க் குளி."

சம்பந்தி வீட்டுக்குப் பத்திரிகை வைக்க நான், சரசு, மச்சான் என்று மூன்று பேராகப் போவதாக இருந்தது. மூன்று பேர் போனால் காரியம் ஆகாது என்பார்கள். அதனால் நான்காவதாகப் புள்ளியக்காவைத் தட்டு தூக்கச் சொன்னோம். காரில் எருமப்பட்டி போகும்வரை அவர் நன்றாகத் தூங்கினார். நான் தூங்கவில்லை.

மாப்பிள்ளையின் பெரியம்மாதான் அந்த வீட்டில் எல்லாம். அவர் சரியென்றால்தான் அடுப்பே பற்றும். வாசலிலேயே தட்டிலிருந்து பத்திரிகையை எடுத்தார். மூலையை நகத்தால் சுரண்டினார். மோந்து பார்த்தார்.

"ஏனுங்க சம்பந்தி, மஞ்ச வாசமே காணமுங்களே?"

நான் மச்சானின் முதுகுக்குப் பின்னால் நகர்ந்தேன். சரசுதான் மழை, ஈரம், பேனா என்று உளறிக்கொட்டினாள்.

"பேனாவுலயா? பேனாவுல வெச்சா அது மங்கலமுங்களா? இதைய எங்க சாமிக்கு முன்னால வெக்க முடியாதுங்க. நல்லபடியா வேற அடிச்சு, மஞ்ச வெச்சு எடுத்துட்டு வாங்க. அப்பறமா மத்ததப் பேசிக்கலாம்."

அப்புறமாகவா? வேறு அடிப்பதற்கு நாள் எங்கே இருக்கிறது? என் மகளின் கல்யாணம் அந்த வாசலிலேயே நின்றுவிட்டது. மச்சான் செருப்பைத் தேட ஆரம்பித்தான்.

புள்ளியக்கா மட்டும் குனிந்து அந்த வீட்டு நிலைப்படியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பளபளவென்று மஞ்சள். அதன்மேல் வரிசையாகச் சிவப்புப் பொட்டுகள்.

"பெரியம்மா, வாசப்படி லட்சுமி கடாட்சமா இருக்குதுங்க. இது மஞ்சளுங்களா, பெயிண்ட்டுங்களா?"

பெரியம்மா படியைப் பார்த்தார், புள்ளியக்காவைப் பார்த்தார், மறுபடி படியைப் பார்த்தார்.

"அது... வெள்ளிக்கெழமைக்கு வெள்ளிக்கெழமை குனிஞ்சு மஞ்ச பூசறதுக்கு இடுப்பு ஒத்துக்க மாட்டேங்குதுன்னு..."

"அதேதானுங்க எங்களுக்கும். உங்களுக்கு இடுப்பு, எங்களுக்கு மழை. நெனப்பு ரெண்டு பேருக்கும் மஞ்சதானுங்களே?"

உள்ளேயிருந்து மாப்பிள்ளையின் அப்பா சிரித்த சத்தம் முதலில் வந்தது. பெரியம்மா முறைத்தார். பிறகு அவருக்கே அடக்க முடியவில்லை. "நல்லா ஆளக் கூட்டிட்டு வந்தீங்க சம்பந்தி!" என்றபடி உள்ளே போனவர், கிண்ணத்தில் மஞ்சள் குழைத்துக்கொண்டு வந்தார். சாமிக்கு வைக்கும் பத்திரிகைக்கு மட்டும், அந்தப் பேனாப் புள்ளிகளின் மேலேயே தன் விரலால் தொட்டு வைத்தார். மற்றதெல்லாம் அப்படியே இருக்கட்டும் என்றார். காப்பி குடிக்கும்போது, "அந்தப் பேனா எங்கீங்க கெடைக்குது?" என்று மெதுவாகக் கேட்டதை நானே என் காதால் கேட்டேன்.

கல்யாணம் நன்றாக நடந்தது. மண்டபத்தில் புள்ளியக்கா மேடைக்கு வராமல் பந்திப் பக்கமாகவே நின்றுகொண்டிருந்தார். தூரத்திலிருந்து பெரியம்மா கவனித்துவிட்டு என்னிடம் வந்தார்.

"அந்தம்மா உங்களுக்கு என்ன ஒறவுங்க சம்பந்தி?"

"என்ற அக்காங்க. கூடப் பொறந்தவங்க."

"அட, பொண்ணுக்குச் சொந்த அத்தையவா அங்க நிக்க வெச்சிருக்கறீங்க? மேடைக்குக் கூப்புடுங்க!"

பெரியம்மாவே போய்க் கையைப் பிடித்து அழைத்து வந்து, சுகன்யாவின் பக்கத்தில் நிறுத்தினார். புள்ளியக்கா ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தார். நான் எல்லோருக்கும் கேட்கும்படி, "முன்னால வந்து நில்லுக்கா" என்றேன்.

இவ்வளவு பேர் நடுவே பொய் சொல்லிவிட்டோமே என்ற பயம் எப்படியும் வந்துவிடும் என்று காத்திருந்தேன். இன்றுவரை வரவில்லை.