பின்னால் கட்டிய இரண்டு குழாய்கள்

'நான்கு ஒலிபெருக்கிகளும் ஒரே வகையாக இருத்தல் வேண்டும். கேட்பவர் நடுவில் அமர வேண்டும்.' கனடாவிலிருந்து மருமகன் அனுப்பிய அறிவுறுத்தலின் முதலாம் பந்தி இது. ஒரு கையொப்பம் குறைந்ததற்காக எத்தனையோ விண்ணப்பங்களை, அரச அலுவலகமான கச்சேரியிலிருந்து திருப்பி அனுப்பிய நான், இதை மீறினேன்.

மகளின் பிள்ளைப்பேற்றுக்கென்று ஆறு மாதத்துக்குப் போன மனைவி இரண்டு வருடமாகத் திரும்பவில்லை. வரச் சொல்லி நானும் கேட்கவில்லை. (விண்ணப்பம் உரியவரிடமிருந்தே வர வேண்டும் என்பது என் கொள்கை.) மருமகன் இரங்கி, தங்கள் வீட்டுச் சத்தத்தைச் சுற்றிவரப் பதிவுசெய்து அனுப்பினார். முன்னால் பேத்தி, பின்னால் குசினியில் மனைவி.

"கண்ணை மூடினா எங்களோட இருக்கிற மாதிரி இருக்கும், மாமா."

என்னிடம் இருந்தவை இரண்டு பெட்டி ஸ்பீக்கர்கள். மற்ற இரண்டுக்கும், முள்ளியவளையில் கோயில் திருவிழாக்களுக்கு ஒலிபெருக்கி கட்டும் ராசனிடம் போனேன். அவனிடம் குழாய் ஒலிபெருக்கிகள்தான் இருந்தன.

"சேர், இது நெடுங்கேணி வரைக்கும் கேக்கும்."

"எனக்குக் கேட்டாக் காணும்."

கதிரைக்குப் பின்னால் அவற்றைக் கட்டிவிட்டுக் கண்ணை மூடினேன். முன்னால் பேத்தி மெல்லச் சிணுங்கினாள். அந்த வீட்டுக்குள் ஒரு காலை வைத்துவிட்டேன். அப்போது பின்னால் தாளிக்கும் சத்தம், தகரக் கூரையில் மாரி மழைபோல் கொட்டியது. அதற்கு மேலால், மனைவி மகளிடம் மெதுவாகச் சொன்னது பூசை அறிவித்தலாக முழங்கியது:

"கச்சேரியை நடத்தின மனுசன், கேத்திலைக் கண்டாப் பயம்! தேத்தண்ணி குடிச்சுதோ தெரியாது. 'இஞ்சாருங்கோ' எண்டு இப்பவும் வாயில வருது, பிள்ளை."

"வாறன்" என்று எழும்பித் திரும்பினேன். குழாய் நெற்றியில் இடித்தது.

பக்கத்து வீட்டுப் பரமேஸ் ஈரக்கையோடு ஓடிவந்தாள். "அக்கா எப்ப வந்தவா? றோட்டு முழுக்கக் குரல் கேட்டுது!"

"வரேல்லை."

அவள் குழாய்களைப் பார்த்தாள். என் நெற்றியையும் பார்த்தாள். "வரச் சொல்லிக் கேட்டனீங்களே, ஐயா?"

நான் குழாயின் வயரைக் கழற்றினேன்.

"அவாட குரல் ஊருக்கே கேட்டுது. உங்கட குரல் அவாவுக்குக் கேட்டுதே?"

அன்று பின்னேரம், எந்த ஒலிபெருக்கியும் இல்லாமல், கைபேசியில் மெல்லச் சொல்லி அனுப்பினேன்: "இஞ்சாரும், வாருமன்."

(மனைவி திரும்பி வந்துவிட்ட இன்றும், அவள் கூப்பிட்டு நான் எழும்பப் பிந்தினால், குழாய்க் கதை தெரிந்த மகள் கைபேசியில், "அம்மா, குழாயில கூப்பிடுங்கோ" என்பாள்.)

மூன்று வாரம் பதிலில்லை. நினைவூட்டற் கடிதம் அனுப்புவதில் பேர்பெற்றவன், அனுப்பப் பயந்து இருந்தேன். பிறகு வந்தது: "டிக்கெற் போட்டாச்சு. அதுவரைக்கும் கேத்திலைத் தொடாதேங்கோ."

மனைவி கிடைக்கப்பெற்ற திகதி: தைப்பொங்கலுக்கு முதல்நாள்.