மாரியம்மன் கோயில் கமிட்டிக்கு ஒரு சபாநாயகர்

அக்கரப்பத்தனை,
ஞாயிற்றுக்கிழமை காலை.

மாண்புமிகு சட்டப்பேரவைத் தலைவர், என் அத்தை மகன், திரு. சோலைமலை அவர்களின் மேலான சமூகத்துக்கு மேல்கணக்கு சிவசாமி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. அம்மன் புண்ணியத்தில் இங்கே மழைக்கும் அட்டைக்கடிக்கும் குறைவில்லை, என் உடம்புக்கும் குறைவில்லை. தாங்களும் தங்கள் துணைவியாரும் தங்கள் சபையின் இரு தரப்பு உறுப்பினர்களும் அவ்வாறே இருக்க வேண்டுகிறேன். இந்தத் 'தாங்கள்' எல்லாம் நாற்காலிக்கு. இனி மச்சான் முறையில் எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே.

சின்ன வயதில் பெற்றோரோடு தலைமன்னாரில் கப்பல் ஏறி இந்தியாவுக்குப் போனவன் நீ. அங்கேயும் தேயிலை மலையிலேயே வேலை செய்து, சங்கத்தில் சேர்ந்து, பஞ்சாயத்துக்கு நின்று, பிறகு சட்டசபைக்கு நின்றாய். முதல் தடவை நீ ஜெயித்துவிட்டதாக யாரோ சொல்லி, நான் தோட்டம் முழுக்கச் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தேன். தோற்றது தெரிந்தபின் பொங்கலைத் திரும்பக் கேட்க முடியுமா? அடுத்த தேர்தலில் உண்மையாகவே ஜெயித்தாய். சந்தோஷமாகப் போய்ச் சொன்னால், "அதுக்குத்தான் போன தடவையே சாப்பிட்டுட்டோமே அண்ணே" என்று சின்னத்தம்பி வேலையைப் பார்க்கப் போய்விட்டான். அப்புறம் துணைத் தலைவரானாய், இப்போது தலைவர். கட்சிக் கொடி பிடித்து வளர்ந்தவன் கட்சிக் கூட்டத்துக்கே போவதில்லை, இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக நடுவில் உட்கார்ந்துவிட்டான் என்று டிவியில் சொன்னபோது எனக்கு மெய் சிலிர்த்தது. ஏனென்றால் நானும் நடுவில் உட்கார்ந்திருப்பவன். மாரியம்மன் கோயில் கமிட்டித் தலைவர் நான்தான் என்பது உனக்குத் தெரியும். எங்கள் தோட்டம் மேல்கணக்கு, கீழ்கணக்கு என்று இரண்டு பிரிவு, கமிட்டியில் தலைவரைத் தவிர்த்து இரண்டுக்கும் சம அளவு ஆட்கள். நான் மேல்கணக்குக்காரன். மேற்படி சின்னத்தம்பிதான் கீழ்கணக்கின் எதிர்க்கட்சித் தலைவர் மாதிரி. அவன் என்னைவிட இளையவன், ஆனால் வாய் மூத்தது.

நீ சபை நடத்துகிற விதத்தைப் பார்த்து அப்படியே கமிட்டியை நடத்துவதென்று முடிவு செய்தேன். யாரும் கேட்டுக்கொள்ளவில்லை, நானாகவே செய்தேன். நல்ல காரியத்துக்கு யாரைக் கேட்க வேண்டும்? உறுப்பினர்கள் ஒருவரோடு ஒருவர் பேசக்கூடாது, தலைவரைப் பார்த்துத்தான் பேச வேண்டும் என்றேன். "இந்தா பக்கத்துல குந்தியிருக்கான், இவன்கிட்ட வெத்தல கேக்குறதுக்கு ஒங்ககிட்ட மனுப் போடணுமாண்ணே?" என்று சின்னத்தம்பி கேட்டான். அவன் பேச்சை அவைக்குறிப்பிலிருந்து நீக்கினேன். அடுத்தவன் சிரித்தான், அதையும் நீக்கினேன். செயலாளராக இருக்கிற நிரஞ்சன் மாஸ்டர் கடைசியில், "ஐயா, எல்லாத்தையும் நீக்கினா மிச்சம் தேதியும் ஒங்க பேருந்தான் இருக்கு" என்றார். இருக்கட்டும், அந்த இரண்டும் சரியாக இருந்தால் போதும் என்றேன்.

அப்புறம் கை விஷயம். ஒருநாள் டிவியில் பார்த்தேன், உன் சபையில் பெரிய கூச்சல். நீ எழுந்து வலது கையை உயர்த்தினாய். உயர்த்திய கை உயர்த்தியபடி, வாய் கொஞ்சம் திறந்தபடி, கண் இமைக்காமல் நின்றாய். நானும் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். சபையில் ஒரு சத்தமில்லை. அதிகாரம் என்றால் இதுதான் என்று நினைத்தேன். அடுத்த கூட்டத்தில் கீழ்கணக்குக்காரர்கள் கத்தியபோது நானும் எழுந்து, வலது கையை உயர்த்தி, வாயைக் கொஞ்சம் திறந்து, இமைக்காமல் நின்றேன். முதலில் அடங்கத்தான் செய்தார்கள். பிறகு சின்னத்தம்பி, "ஐயோ, அண்ணனுக்கு வாதம் இழுத்துருச்சு, தைலம் எடுங்கடா!" என்று பாய்ந்தான். நாலு பேர் சேர்ந்து என்னைப் படுக்கவைத்துக் காலைத் தேய்த்தார்கள். தூக்கிய கைதான் வலித்தது, அதை யாரும் தேய்க்கவில்லை. வீட்டுக்கு வந்து உன் மாதிரிதான் செய்தேன் என்று சொன்னதும் என் வீட்டுக்காரி நாகலெட்சுமி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "மழ பேஞ்சா டிஷ்ஷுல படம் நின்னுரும்னு ஒங்களுக்குத் தெரியாதா? அந்த மனுசன் எப்பவோ ஒக்காந்திருப்பாரு!" மழையாக இருந்தாலும் படம் கம்பீரமாகத்தான் இருந்தது, அதிலிருந்து நான் பின்வாங்கவில்லை.

தைலம் தேய்த்த குற்றத்துக்காகச் சின்னத்தம்பியைச் சபையை விட்டு வெளியேற்றினேன். அவன் நேராக மர்சூக் நானாவின் கடைக்குத் தேத்தண்ணி குடிக்கப் போனான். அவனுக்கு ஆதரவாகக் கீழ்கணக்கு வெளிநடப்புச் செய்து அதே கடைக்குப் போனது. குளிராக இருந்ததால் மேல்கணக்கும் போனது. நானும் நிரஞ்சன் மாஸ்டரும் அம்மனும் மிச்சம். கொஞ்ச நேரத்தில் மாஸ்டரும் "பாத்துட்டு வந்துர்றேன்" என்று போனார். கடைசியில் மர்சூக்கே ஆளை அனுப்பாமல் தானே ஏறி வந்து, "சிவசாமி அண்ணே, ஒங்க பார்லிமென்ட் முழுக்க நம்ம பெஞ்சுலதான் ஈக்குது. நீங்க மட்டும் இங்க யாருக்குத் தலைவரு?" என்றார். அம்மனுக்கு என்று சொல்லி அனுப்பினேன்.

இனித்தான் முக்கியமான சங்கதி. திருவிழாவில் தேர் கோயிலை விட்டு இறங்கியதும் எப்போதும் மேல்கணக்கு லயத்து வீட்டு வரிசைக்குத்தான் முதலில் திரும்பும். அங்கே அம்மன் நல்ல வெயிலில், வாடாத பூவோடு வருவாள். கீழ்கணக்குக்கு இறங்குவதற்குள் சாயங்கால மழை பிடித்துவிடும். மேளக்காரர் மேளத்தைச் சாக்கில் சுற்றிக்கொண்டு நடப்பார், அம்மன் தலையில் தார்ப்பாய். இந்த வருஷம் தேர் முதலில் கீழே வரவேண்டும் என்று சின்னத்தம்பி தீர்மானம் கொண்டுவந்தான். வாக்கெடுத்தால் இரண்டு பக்கமும் சமம். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சமமானால் தலைவர் பழைய ஏற்பாட்டைக் காப்பாற்றும் பக்கம் ஓட்டுப் போடுவது வழக்கம் என்று மாஸ்டர் காதோடு சொன்னார். பழைய ஏற்பாடு என் லயத்து வாசலுக்கல்லவா லாபம்? நாளைக்கு யாராவது விரல் நீட்டினால்? நீ இருந்தால் என்ன செய்திருப்பாய் என்று நினைத்துப் பார்த்தேன். தேர் கீழ்கணக்குக்கு என்று ஓட்டுப் போட்டேன்.

மச்சான், அன்றிலிருந்து மேல்கணக்கில் ஒருவரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. நாகலெட்சுமி கமிட்டியில் மாதர் சங்கப் பிரதிநிதி, அதுவும் மேல்கணக்கு. "நீங்க இந்த லயத்துலதான குடியிருக்கீங்க, இல்ல சட்டசபையிலயா? வாசல் மெழுகி நெறகொடம் வச்சுக் காத்திருந்து, ஆத்தாவ நாங்க தார்ப்பாயோடதான் பாக்கணுமா?" என்றாள். மாண்புமிகு உறுப்பினர் அமரவும் என்றேன். "நான் அமந்துட்டா ஒங்களுக்குச் சோறு வடிக்கிறது யாரு?" என்று கேட்டாள். அதோடு விடவில்லை. என்னைத் தலைவர் பதவியிலிருந்து நீக்கத் தீர்மானம் கொடுத்துவிட்டாள். வழிமொழிந்தவன் யார் தெரியுமா? சின்னத்தம்பி! தேரை வாங்கிக்கொண்ட கையோடு! கேட்டால், "தேருக்கு நன்றிண்ணே, ஆனா அவைக்குறிப்பு தாங்கல" என்கிறான். மேலும் கீழும் ஒன்று சேர்ந்தது இந்தக் கோயிலில் இதுவே முதல் தடவை. அந்தப் பெருமையும் என் தலைமையில்தான் நடந்திருக்கிறது.

ஆகவே உன் கையெழுத்தும் சபை முத்திரையும் வைத்து, வருகிற ஞாயிறு கூட்டத்துக்கு முன் எனக்குத் தீர்ப்பு எழுதி அனுப்ப வேண்டும். தன்னை நீக்கும் கூட்டத்துக்குத் தலைவர் தானே தலைமை தாங்கலாமா? ஒரே அடுப்பில் சாப்பிடுகிற ஒருவர் இப்படித் தீர்மானம் கொடுப்பது செல்லுமா? கொடுத்தபின் குழம்பில் உப்பைக் குறைப்பது உரிமை மீறல் ஆகாதா? நான் நாற்காலியை விடப்போவதில்லை. பதவி ஆசை அல்ல. இரண்டு பக்கமும் திட்டுகிறார்கள் என்றால் நான் சரியாக நடுவில் இருக்கிறேன் என்றுதானே பொருள்? அந்த நினைப்பில் நன்றாகவே தூங்குகிறேன். தலைவர்மேல் தீர்மானம் கொண்டுவருகிறவர்கள் சபையின் கௌரவம் தெரியாதவர்கள் என்பது என் உறுதியான கருத்து. உன் சபையில் யாராவது அப்படிச் செய்தால் தயங்காமல் வெளியேற்று.

மாரியாத்தா உனக்கு நீண்ட ஆயுளும், உன் உறுப்பினர்களுக்குக் கொஞ்சம் அடக்கமும் தரட்டும். தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் இருவரின் ஆசி. நாகலெட்சுமியைக் கேட்காமல்தான் அவள் ஆசியையும் சேர்த்திருக்கிறேன்.

இப்படிக்கு,
அசையாத
சிவசாமி.

பின்குறிப்பு: மண் சரிந்து பஸ் ஓடாததால் கடிதம் என்னிடமே தங்கிவிட்டது. அதற்குள் கூட்டமும் முடிந்துவிட்டது. தீர்ப்பு வேண்டாம். மாஸ்டரிடம் நாற்காலியைக் கொடுத்துவிட்டு, சாதாரண ஆளாகப் பாயில் உட்கார்ந்தேன். சின்னத்தம்பி தேரைப் பற்றி ஏதோ உளறினான். 'பொய் சொல்லாதடா' என்று கத்தினேன். யாரும் தடுக்கவில்லை! இத்தனை நாளும் அவன் சொன்ன பொய்யெல்லாம் வயிற்றில் கிடந்தது, நடுவில் இருந்ததால் ஒன்றுக்கும் பதில் சொல்ல முடியவில்லை. ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டேன். ஆகா, அந்தச் சுகத்தை என்னவென்று சொல்ல! என்னை நீக்கும் தீர்மானத்துக்குக் கை தூக்கச் சொன்னபோது முதல் கை என்னுடையது.

புதிய தலைவராக மேலும் கீழும் ஒத்துக்கொண்ட ஒரே ஆள் நாகலெட்சுமி. உடனே நான் எழுந்து தேர் முதலில் மேல்கணக்குக்கே என்று தீர்மானம் கொண்டுவந்தேன். முடிந்த விஷயத்தைத் திரும்ப எடுக்கக்கூடாது என்றார் மாஸ்டர். "அது அவரு போட்ட சட்டம். அவருதான் எறங்கியாச்சுல்ல" என்று அவள் வாக்கெடுத்தாள். அவளுக்குப் பதில் நான் வந்ததால் மறுபடியும் சமம். ஒரு மூச்சு விடும் நேரம்கூட யோசிக்காமல் தன் வாசலுக்கே ஓட்டுப் போட்டாள். "இந்த வருசம் மேல, அடுத்த வருசம் கீழ, அதுக்கப்புறம் மாறி மாறி. என்னா சின்னத்தம்பி?" "சரிக்கா." கூட்டம் முடிந்தது. நடுநிலை என்ற பேச்சே எழவில்லை, எல்லோரும் சிரித்துக்கொண்டு போனார்கள்.

இதை நான் ஒத்துக்கொள்ளவில்லை. மாறி மாறி என்று அவள் யாரைக் கேட்டுச் சொன்னாள்? தேர் என்றைக்கும் மேலேதான் முதலில் வரவேண்டும். அடுத்த கூட்டத்தில் அவளை நீக்கத் தீர்மானம் கொண்டுவரப் போகிறேன். அதை முறைப்படி எப்படி எழுதுவதென்று மட்டும் உடனே எழுது. கத்தியதில் தொண்டை கட்டிவிட்டது. தலைவர் மிளகு ரசம் வைத்துக்கொண்டிருக்கிறார், வாசனை இங்கே வரை வருகிறது.