அந்நியபாஷைக்கு நான் சொன்ன அர்த்தம்

பேய்க்குப் பயப்படுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். நான் பயந்தது பரிசுத்த ஆவியானவருக்கு. இன்றைக்கும் அந்தப் பயம் போகவில்லை.

விஜயபுரம் பக்கத்தில் எங்கள் சபை. பாதிப்பேர் கைதட்டிக் கத்தி ஜெபிக்கிற கட்சி. மீதிப்பேர் என் நைனாவின் கட்சி: பாட்டு, ஆமென், வீடு. ஆவியில் நிறைந்து யாருக்கும் புரியாமல் பேசுகிற அந்நியபாஷை என்றாலே நைனாவுக்கு ஆகாது. அன்றைக்கு உபவாசக் கூட்டத்துக்குத் திருப்பதியிலிருந்து ஒரு தெலுங்கு ஊழியக்காரர் வந்திருந்தார். அவர் பேசப் பேசத் தமிழில் சொல்வது என் வேலை. (பி.எட். முடித்த திமிரில் நானே கேட்டு வாங்கிக்கொண்டது.)

மத்தியானம் வரை நன்றாகத்தான் போனது. திடீரென்று ஊழியக்கார ஐயா கண்ணை மூடினார். தெலுங்கு நின்றுபோய், ஊர் பேர் தெரியாத ஏதோ பாஷை கடகடவென்று கொட்ட ஆரம்பித்தது. நான் மைக்கைப் பிடித்தபடி மரம் மாதிரி நின்றேன்.

நைனா எழுந்துவிட்டார். "அர்த்தம் சொல்ல ஆள் இல்லன்னா சபையில பேசக் கூடாதுன்னு வேதத்துலயே கீது. நிறுத்தச் சொல்லுங்க. இல்லன்னா நாங்க இன்னியோட வேற சபைக்குப் போய்க்கினே இருப்போம்."

"ஆள் இல்லன்னு யாரு சொன்னது?" என்றார் எதிர்க்கட்சி செல்வராஜ் அண்ணன். "காலைலேர்ந்து அர்த்தம் சொல்லிக்கினு நிக்குதே உங்க பொண்ணு! சொல்லும்மா சுகந்தி!"

அடப்பாவி! சபை முழுக்க என்னையே பார்த்தது. வாயைத் திறக்காவிட்டால் சபை இரண்டாக உடையும். இட்டுக்கட்டினாலோ, ஆவியானவருக்கு விரோதமான பாவம். அதற்கு மன்னிப்பே கிடையாது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நைனாதான். பச்சைத் தண்ணீர்கூடப் படாத வயிறு வேறு. வாயிலிருந்து என்னவோ வந்துவிட்டது:

"எழுந்து போய் போஜனம் பண்ணுங்கள்!"

"அல்லேலூயா!" என்றது சபை. சாயங்காலத்துக்கு வைத்திருந்த கஞ்சி அண்டாவைப் பார்த்து இரண்டு கட்சியும் ஒன்றாக ஓடின. முதல் ஆளாகத் தட்டை நீட்டியவர் யார் தெரியுமா? என் நைனா! "இது வேதத்துக்கு ஒத்துதான் போவுது" என்றார் வாய் நிறையக் கஞ்சியோடு.

ஐயா கண் திறந்தபோது எதிரே வெறும் பாய்கள். யாரோ விஷயத்தைச் சொல்ல, என்னை ஓரமாகக் கூப்பிட்டார். செத்தேன் என்று போனேன். அவருக்குக் கண் கலங்கியிருந்தது.

"அம்மா, நேனு நிஜங்கா அதே செப்பானா?"

நிஜமாகவே நான் அதைத்தான் சொன்னேனா என்று என்னைக் கேட்கிறார்! இத்தனை வருஷமாகப் பேசுகிறாராம். என்ன பேசுகிறோம் என்று அவருக்கே தெரியாதாம். இதுவரை ஒருத்தரும் சொன்னதில்லையாம். உண்மையைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. தலையை ஆட்டிவிட்டேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரும் கஞ்சிக்குப் போனார்.

சபை உடையவில்லை. இப்போதும் வீட்டில் சோறு தாமதமானால் நைனா ஆரம்பித்துவிடுவார்: "இன்னாம்மா, மேலேர்ந்து ஒண்ணும் வரலியா? நான் துன்னலாமா, வேணாமா?"

எல்லோரும் சிரிப்பார்கள். நானும்தான். அப்புறம் தனியாக முழங்கால் போட்டு மன்னிப்புக் கேட்பேன். ஆனால் அந்த ஐயாவின் முகம் நினைவுக்கு வந்தால் இன்னும் பெரிய பயம் பிடித்துக்கொள்கிறது: ஒருவேளை அவர் அதைத்தான் சொல்லியிருந்தால்?