டாக்டருக்கும் தெரியாது, பாய்க்கும் தெரியாது

திருவண்ணாமலையில் மலையைச் சுற்றாதவர் கிடையாது. ஆனால் ஒரே உடம்பை வைத்துக்கொண்டு ஒரே நாளில் மூன்று வைத்தியத்தைச் சுற்றி வந்தவர் இந்த உலகத்திலேயே எங்கள் முட்டி சார் ஒருவர்தான். இதை ஸ்டாம்ப் பேப்பரில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரவும் நான் தயார்.

எண்பதுகளின் தொடக்கம். நான் ஒரு அரசாங்க ஆபீசில் டைப்பிஸ்ட், அவர் ஹெட் கிளார்க். பெற்றோர் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. நாற்காலியை விட்டு எழுந்தால் இரண்டு முழங்காலும் ‘மடக், மடக்’ என்று ஹால் முழுக்கக் கேட்கும். அதனால் முட்டி சார். மனைவி காலமாகி ரொம்ப வருஷம், பிள்ளை குட்டி இல்லை. அந்த முட்டிகளைத்தான் குடும்பமாகப் பராமரித்து வந்தார்.

அவருடைய மேஜை டிராயரில் ஃபைல் இருந்து நான் பார்த்ததில்லை. நெஞ்சு வலி வந்த பிறகு, ரத்தம் உறையாமல் இருக்க டாக்டர் தினமும் சாப்பிடச் சொன்ன மாத்திரை இருந்தது. யுனானி வைத்தியர் ஹக்கீம் பாய் மூட்டு வலிக்குக் கிண்டிக் கொடுத்த பூண்டு லேகியம் இருந்தது. அடி அண்ணாமலையில் ரோட்டோரம் துணி விரித்து வேர் விற்பவரிடம் வாங்கிய ‘மூட்டுப் பொடி’ இருந்தது. அந்தப் பொடியில் என்ன இருக்கிறது என்று விற்றவருக்காவது தெரியுமா என்பது என் சந்தேகம். கீழ்பென்னாத்தூர் விவசாயி ஒருவர் முட்டி சாரின் லேகியக் கையிலிருந்து வாங்கிய காகிதத்தை முகர்ந்து பார்த்துவிட்டு, “இன்னா சார், கவர்மெண்ட் ஆர்டர்ல ரசம் வாசனை அடிக்குது?” என்று கேட்டார். “ஒரிஜினல்னா அப்படித்தான் இருக்கும்” என்றார் முட்டி சார், முகம் மாறாமல்.

“இத்தனையும் ஒண்ணா உள்ள போனா அடிச்சுக்காதா சார்?” என்று ஒருநாள் கேட்டேன்.

“எப்படிம்மா அடிச்சுக்கும்? மாத்திரை நெஞ்சுக்கு. லேகியம் வலது முட்டிக்கு. பொடி இடது முட்டிக்கு. ஒவ்வொண்ணும் தனித்தனி செக்‌ஷன். ஒரு செக்‌ஷன் ஃபைல் இன்னொரு செக்‌ஷனுக்குப் போவுதா நம்ம ஆபீஸ்ல?”

போகாதுதான். முப்பது வருஷ சர்வீஸ் மனுஷரை எந்த அளவுக்குக் கொண்டுபோய் விட்டிருந்தது பாருங்கள்.

இதில் பெரிய கூத்து வேறு. டாக்டருக்குப் பாய் விஷயம் தெரியாது. பாய்க்கு டாக்டர் விஷயம் தெரியாது. பொடி விஷயம் இருவருக்குமே தெரியாது. இரண்டு குடும்பம் வைத்திருப்பவர்கூட இவ்வளவு பயந்து பயந்து நடமாட மாட்டார். ஒருமுறை ஏதோ சான்றிதழ் விஷயமாக டாக்டரே ஆபீசுக்கு வந்துவிட்டார். அப்போதுதான் ஒரு உருண்டை லேகியத்தை வாயில் போட்டிருந்த முட்டி சார், அதை விழுங்கவும் முடியாமல் துப்பவும் மனமில்லாமல் பீரோவுக்குப் பின்னால் போய்க் குனிந்துகொண்டார்.

“எங்கம்மா ஹெட் கிளார்க்?” என்றார் டாக்டர்.

“லீவு சார்” என்றேன், வாய் கூசாமல்.

பீரோ ‘மடக்’ என்றது.

“எலித் தொல்லை ஜாஸ்தி சார்” என்றேன். டாக்டர் போன பிறகு அவரை நிமிர்த்தி வெளியே எடுக்க இரண்டு பியூன்கள் தேவைப்பட்டார்கள். குனிந்த வலிக்காக அன்றைக்கு லேகியம் ஒரு உருண்டை கூடுதலாக உள்ளே போனது.

கொஞ்ச நாள் கழித்து ஒரு காலையில், கன்னத்தில் பஞ்சை ஒட்டிக்கொண்டு வந்தார். சவரம் செய்யும்போது சின்னக் கீறல். மத்தியானம் வரை பஞ்சை மாற்றிக்கொண்டே இருந்தார். கையிலெல்லாம் நீலம் நீலமாகத் திட்டு. “இன்னா சார் இது?” என்றால், “உடம்பு சூடும்மா, இளநீர் குடிச்சா சரியாயிடும்” என்றார். அடுத்த வாரம் காலை பதினோரு மணிக்கு, கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோதே மூக்கிலிருந்து ரத்தம் கொட்ட ஆரம்பித்தது. கர்ச்சீப் நனைந்தது, துண்டு நனைந்தது, நிற்கிற வழியாக இல்லை.

ரிக்‌ஷாவில் ஏற்றினோம். ஏறுவதற்கு முன் அந்த டிராயரை அப்படியே மேஜையிலிருந்து உருவிக் கையில் எடுத்துக்கொண்டேன். பாயைக் கையோடு அழைத்து வரும்படி பியூனை விரட்டினேன்.

ஆஸ்பத்திரியில் மூக்கை அழுத்திப் பிடித்தபடி டாக்டர் கேட்டார். “நான் குடுத்த மாத்திரை தவிர வேற எதாவது சாப்பிடறீங்களா? மறைக்காம சொல்லுங்க.”

“ஒண்ணும் இல்லீங்க” என்றார் முட்டி சார், மூக்கால்.

எனக்கு வந்த கோபத்தில் அவர் ஹெட் கிளார்க் என்பதே மறந்துவிட்டது. “பொய் சார்! உயிர் போற நேரத்துலயும் பொய்யா?” என்று கத்திவிட்டு டிராயரைக் கட்டில்மேல் வைத்தேன். டாக்டர் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஹக்கீம் பாய் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார்.

“யா அல்லா! ரத்தம் கட்டாம இருக்க மாத்திரை துன்றாரா? ஒரு வார்த்தை என்கிட்ட சொன்னாரா? இந்த லேகியமும் ரத்தத்தை இளக்கற சமாச்சாரமாச்சே! நான் குடுத்திருப்பேனா?”

“இந்தப் பொடியில வலி மாத்திரையை இடிச்சுக் கலந்திருந்தாலும் ஆச்சரியப்பட மாட்டேன் பாய், அதுவும் ரத்தத்தை இளக்கும்” என்றார் டாக்டர். “ஒவ்வொண்ணும் தனியா இருந்தாலே ஜாக்கிரதையா இருக்கணும். மூணும் சேந்தா ரத்தம் எங்கேர்ந்து நிக்கும்?”

முட்டி சார் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “உங்களுக்குள்ள பழக்கமா?”

“இன்னா சாப், டாக்டர் முட்டிக்கே என் எண்ணெய்தானே போவுது. என் பிரஷருக்கு இவர் மாத்திரைதானே” என்றார் பாய்.

ரத்தம் மட்டுப்பட்டு நிற்க மத்தியானம் ஆனது. அதுவரை நான் வேண்டாத சாமி இல்லை. நின்ற பிறகு மறுபடியும் கோபம் வந்தது. “ஏன் சார் மறைச்சீங்க?”

“ரெண்டு பேரும் நல்லவங்கம்மா” என்றார் மெல்ல. “ஒருத்தர்கிட்ட இன்னொருத்தரைப் பத்திச் சொன்னா, என்னை நம்பலையான்னு மனசு கஷ்டப்படுவாங்கல்ல?”

இப்படி ஒரு காரணத்துக்காகச் சாகக் கிடந்தவரை என்ன செய்வது? மறுநாள் அவர் வாயில் போடுவது, முட்டியில் தடவுவது அத்தனையையும் வரிசையாக டைப் அடித்து, கார்பன் வைத்து மூன்று நகல் எடுத்தேன். ஒன்று டாக்டருக்கு, ஒன்று பாய்க்கு, ஒன்று அவர் சட்டைப்பைக்கு. லேகியத்தையும் பொடியையும் டாக்டர் பேனாவால் அடித்தார், பாய் பக்கத்திலேயே கையெழுத்துப் போட்டார். முட்டியில் தடவப் பாய் கொடுத்திருந்த எண்ணெய் மட்டும் தப்பித்தது.

அவர் ரிடயராகி வேங்கிக்கால் பக்கம் குடி போன பிறகும், புதிதாக யார் ஒரு மருந்து கொடுத்தாலும் அந்த முட்டிகளோடு பஸ் ஏறி என் மேஜைக்கு முன்னால் வந்து நிற்பார்.

“இதைச் சேத்துக்கலாமாம்மா?”

“எனக்கென்ன தெரியும்? டாக்டரைக் கேளுங்க சார்.”

“கேட்டுட்டேன். பாயையும் கேட்டுட்டேன். எனக்குன்னு வீட்ல கேக்க யார் இருக்கா? நீ ஒரு வார்த்தை சொல்லு.”

“சாப்பிடுங்க சார்” என்பேன், மெஷினில் காகிதத்தைச் சரிசெய்கிற சாக்கில் முகத்தைத் தாழ்த்திக்கொண்டு.